வெள்ளிக்கிழமை ராத்திரி விமானம்

ஜனவரி 19, ஞாயிறு. மஸ்கட்

கடையில் சும்மா கொடுத்த டைரி. மாமாவுக்கு வேண்டாமாம், என் பக்கம் தள்ளிவிட்டாள். இந்த ஊரில் வீட்டம்மாவை மாமா என்றும் வீட்டுக்காரரை பாபா என்றும் கூப்பிட வேண்டும். வந்த புதிதில் எனக்கு வாயில் வரவே இல்லை. எனக்குத் தெரிந்த மாமாக்கள் எல்லாரும் மீசை வைத்தவர்கள். இப்போது பழகிவிட்டது. அஞ்சாங்கிளாஸ் படித்த கை நாலு வரிக்கே வலிக்கிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும், இன்றைக்கு விஷயம் இருக்கிறது.

மகள் இளவரசிக்கு முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். பிப்ரவரி 16, ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்தரை. விராலிமலை அடிவாரத்தில் மண்டபம். மத்தியானம் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லுவேன், கேலி பண்ணக் கூடாது."

"சொல்லுடி. பண்றதா வேணாமான்னு கேட்டுட்டுச் சொல்றேன்."

"தாரை வாக்க நீயும் அப்பாவும் சேந்து நிக்கணும். பெத்தவங்களுக்கு லீவு கெடைக்கலைன்னா பெரியப்பாவும் பெரியம்மாவும் நிக்கட்டும்னு மாப்ள வீட்டுல சொல்றாங்க. நான் மாட்டேன்னுட்டேன். என் சடங்குக்கு நீ மட்டும் வந்த. தாத்தா சாவுக்கு அப்பா மட்டும் வந்தாரு. இதுக்காவது ஜோடியா வாங்க. இல்லைன்னா நான் மணையில ஒக்கார மாட்டேன்."

"ஜோடின்னா எப்புடி, செருப்பு மாதிரியா?"

"அம்மா!"

சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தாள் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 24, வெள்ளி

மாமாவின் தங்கச்சி குடும்பம் சாப்பிட வந்தது. பதினாலு பேர். சோற்றுத் தட்டு ஒவ்வொன்றும் வண்டிச் சக்கரம் அளவு. கழுவி முடித்தபோது என் இடுப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

சாயங்காலம் டிரைவர் ரஷீதோடு மார்க்கெட்டுக்குப் போனேன். ரஷீத் திருச்சூர்ப் பக்கத்துப் பையன், நாற்பது வயதாகியும் பையன் மாதிரியே பேசுவான். மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று அவனிடம் கேட்டேன். போனில் தட்டினான்.

"ஆறாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, சேச்சி. பிளைட்டுல ஏழரை மணி நேரம்."

"திருச்சி எங்க இருக்கு?"

படத்தை விரித்துக் காட்டினான். நடுவில். அளந்து வைத்த மாதிரி நடுவில். எனக்கு அங்கே போக நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவருக்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். என் வீட்டுக்காரர் பெயர் அடைக்கலம். வாயால்தான் சொல்லக் கூடாது, எழுதலாம். சிங்கப்பூரில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். அவருக்கு லீவு கிடைக்கும்போது எனக்குக் கிடைக்காது. எனக்குக் கிடைத்தால் அவருக்கு ஒரு கப்பல் வந்துவிடும். நாங்கள் இருவரும் கடைசியாக ஒரு கூரைக்குக் கீழே இருந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தத் தடவையும் பாதி நாள் அவருக்கு அம்மை.

ரஷீத் கேட்டான், "இத்ர நாளா புருஷனைப் பாக்காம எப்படி இருக்கே?"

"பாத்துக்கிட்டே இருந்தாத்தான்டா கஷ்டம்" என்றேன். ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுச் சிரித்தான்.

ஜனவரி 30, வியாழன்

லீவு கிடைத்தது. பத்து நாள். நோன்பு தொடங்கும் முன்னால் திரும்பிவிட வேண்டும் என்று மாமா மூன்று தரம் விரலை ஆட்டினாள். நானும் மூன்று தரம் தலையை ஆட்டினேன்.

அவருக்கும் கிடைத்துவிட்டதாம். இரண்டு தரம் கேட்டேன், நம்ப முடியவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

டிக்கெட் வந்தது. ரஷீத் படித்துச் சொன்னான். பதினாலாம் தேதி, வெள்ளி, பூஜ்யம் பூஜ்யம் ஐம்பத்தைந்து. அது என்னடா பூஜ்யம் என்றேன். ராத்திரி பன்னிரண்டு மணி என்றான். அவருக்கும் அதே வெள்ளி ராத்திரிதான், பன்னிரண்டரைக்கு. போனில் இரண்டு பேரும் கணக்குப் போட்டோம்.

"நான் முன்னாடி எறங்கிருவேன். நீ வர்ற வரைக்கும் ஏர்போர்ட் வாசல்லயே நிக்கிறேன்."

"அடையாளம் தெரியுமா?"

"உன் வாய வச்சுக் கண்டுபிடிச்சிருவேன்."

வெள்ளி ராத்திரி ஏறினால் சனி விடியற்காலை திருச்சி. ஞாயிறு கல்யாணம். நடுவில் ஒரு பகல் முழுசாக இருக்கிறது. அழைத்துப் போக யாரும் வர வேண்டாம், நாங்களே ஒரு கார் பிடித்துச் சேர்ந்து வந்துவிடுகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டேன். எட்டுப் பேர் வேனில் வந்து வரவேற்றால் வீண் செலவு. அதற்காகத்தான் சொன்னேன், வேறொன்றும் இல்லை.

வெள்ளி ராத்திரி அவர் வங்காள விரிகுடாவுக்கு மேலே வருவார், நான் அரபிக்கடலுக்கு மேலே போவேன். எதிரெதிரே. நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

துணி. துணி. துணி. இஸ்திரி போட்டுப் போட்டுத் தோள் இறங்கிவிட்டது. நான் இல்லாத பத்து நாளுக்கும் சேர்த்து இப்போதே வேலை வாங்குகிறாள் மாமா.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒன்றும் இல்லை. கால் வீக்கம். தூங்குகிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், முப்பது கிலோவுக்குள் இருக்கும் போலிருக்கிறது. இளவரசிக்கு அத்தர், சம்பந்தியம்மாவுக்கு பேரீச்சம்பழம், பாதாம். சம்பந்தியம்மா போனில் பேசினால் கோர்ட்டில் ஜட்ஜ் பேசுகிற மாதிரி இருக்கும். பாதாம் தின்றால் குரல் கொஞ்சம் மெதுவாகும் என்று ஒரு நம்பிக்கை.

ராத்திரி எட்டு மணிக்கு மாமா அடுப்படிக்கு வந்தாள். பெட்டி கட்டியாயிற்றா என்று கேட்டாள். நாளைக்குத்தானே, வெள்ளி ராத்திரி என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாளைக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். அப்படியானால் நாளை மத்தியானம் பாபாவின் அண்ணன் குடும்பம் வருகிறது, அரிசியை ஊற வை என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம். போகிற அன்றைக்கும் என்னைப் பிழிந்துவிடலாம் என்கிற சந்தோஷம்தான், வேறென்ன.

ரஷீத் இல்லை. பாபாவைக் கூட்டிக்கொண்டு சோஹார் ஊருக்குப் போயிருக்கிறான். நாளை ராத்திரி வந்து என்னை ஏர்போர்ட்டில் விடுவான்.

பிப்ரவரி 14, வெள்ளி

சமைத்தாயிற்று, கழுவியாயிற்று, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தாயிற்று. பச்சைச் சேலை. கண்ணாடியில் பார்த்தேன், பரவாயில்லை.

ஏழு மணிக்கு அவரைக் கூப்பிட்டேன்.

"என்ன, கிளம்பியாச்சா?"

"ஏர்போர்ட்லதான் இருக்கேன்."

"குரல் ஏன் கெணத்துக்குள்ளேர்ந்து வருது?"

"ஏசி."

"கோடாலித் தைலம் வாங்குனீங்களா? இல்லைன்னா உங்க அக்கா நம்மள ஊருக்குள்ள விடாது."

"வாங்கியாச்சு. ஏ புள்ள, நீ… டிக்கெட்ட ஒருக்கா நல்லா பாத்துக்க."

"பத்துத் தடவ பாத்தாச்சு. பயந்தாங்கொள்ளி மனுசன்."

"தேதியப் பாரு. மணியப் பாரு."

"சரிங்க ஸ்டேஷன் மாஸ்டர்" என்று வைத்துவிட்டேன். பாவம், விமானம் ஏறும் முன்னால் அவருக்கு எப்போதுமே பதற்றம்தான்.

ரஷீத் வந்துவிட்டான். பெட்டியோடு என்னைப் பார்த்ததும் "சேச்சி இன்னும் போகலையா?" என்றான். "உன்கிட்ட சொல்லிக்காமப் போவேனா?" என்றேன். கிளம்புகிறேன். மீதி திருச்சியில்.

பிப்ரவரி 15, சனி. மஸ்கட் ஏர்போர்ட்

திருச்சியில் இல்லை.

ரஷீத் வழியில் சிக்னலில் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தான். பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள். கவுண்டர் வரைக்கும் என்கூடவே வந்தான். கவுண்டரில் இருந்த பெண் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ரஷீதைப் பார்த்தாள். அவனிடம் மலையாளத்தில் சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. போய்விட்டது. என் விமானம் வியாழன் ராத்திரியே போய்விட்டது. நான் அரிசி ஊற வைத்துக்கொண்டிருந்தேனே, அந்த ராத்திரி.

"வெள்ளி ராத்திரின்னுதானே போட்டிருக்கு? இன்னைக்கு வெள்ளிதானே?" என்றேன்.

ரஷீத் தரையில் உட்கார்ந்து எனக்கு விளக்கினான். நமக்குப் பொழுது விடிந்தால்தான் மறுநாள். ராத்திரி ஒரு மணி ஆனாலும் அது வெள்ளி ராத்திரிதான், சனி விடிய வேண்டும். விமானக்காரனுக்கு பன்னிரண்டு அடித்தாலே மறுநாள். அதனால் அவன் வெள்ளி என்றால் அது நம் வியாழன் ராத்திரி. அரபிக்காரர்களுக்கோ சூரியன் இறங்கினாலே மறுநாள், வியாழன் சாயங்காலமே அவர்களுக்கு வெள்ளி ராத்திரி. அப்படியானால் மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. நாளைக்கா என்று கேட்டாளே, அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை திருச்சிக்கு விமானமே கிடையாது. ரஷீத் ஓடினான், கெஞ்சினான், யாரோ சொந்தக்காரன் பெயரைச் சொன்னான். இன்று மத்தியானம் கொச்சிக்கு ஓர் இடம் கிடைத்தது. அங்கிருந்து பஸ். மருமகனுக்கு மோதிரம் வாங்க வைத்திருந்தது டிக்கெட்டாகிவிட்டது. ரஷீதைப் போகச் சொல்லிவிட்டேன். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான். "அழறேனான்னு பாக்குறியா? அதுக்கு டிக்கெட் எடுக்கணும்டா" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

நான் வந்து சேராவிட்டால் அவரும் மணைக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ஜோடி இல்லாத ஆம்பளையைத் தாரை வார்க்க விடமாட்டார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் நிற்பார்கள். பெற்ற மனிதர் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விடிந்ததும் அவரைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"ஏர்போர்ட்லதான் ஒக்காந்திருக்கேன்."

சொன்னபடியே வாசலில் காத்துக்கொண்டிருக்கிறார் பாருங்கள்.

"என் பிளைட்டு லேட்டுங்க. ஏதோ மெஷின் ரிப்பேராம். நாளைக்கு விடியத்தான் வந்து சேருவேன். நீங்க மண்டபத்துக்குப் போங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். "ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வா" என்றார். தன் மகள் கல்யாணத்துக்கு இப்படி அவசரமில்லாத மனிதரை நான் கண்டதில்லை. பின்னால் ஒரு பொம்பளைக் குரல் சீன பாஷையில் என்னமோ அறிவித்தது. திருச்சியில் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்களாம், அங்கே இப்போது சீனத்திலும் சொல்கிறார்கள் போலிருக்கிறது. ஊர் எங்கேயோ போய்விட்டது.

அதே நாள். அங்கமாலி பஸ் ஸ்டாண்டு

கொச்சியில் இறங்கியாயிற்று. உட்கார இடமில்லை, பெட்டிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கோயமுத்தூர் பஸ் வரவேண்டும், அங்கே மாறித் திருச்சி.

இளவரசி கூப்பிட்டாள். பின்னால் மேளச் சத்தம்.

"அம்மா, பொண்ணழைப்பு முடிஞ்சுது. அப்பா ஏன்மா இப்புடிப் பண்றாரு? வாங்கப்பான்னா, உன்னைய விட்டுட்டு வரமாட்டாராம், நீ வந்தாத்தான் வருவாராம், ஏர்போர்ட்லயே கெடக்குறேங்குறாரு. பெரியப்பா கார் எடுத்துக்கிட்டு வரேன்னாலும் வேணாம்னு கத்துறாரு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அவரு கெடக்குறாரு கிறுக்கு" என்றேன்.

"பஸ் ஹாரன் கேக்குது?"

"பிளைட்டு வரைக்கும் பஸ்ஸுலதான்டி கொண்டுபோய் விடுவாங்க. உனக்கென்ன தெரியும்?"

"அம்மா, வந்துருவல்ல?"

"வந்துருவேன்."

"மாப்ளயோட அம்மா ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. பெரியம்மா பட்டுச்சேலைய எடுத்து வச்சிருச்சு."

வைத்துவிட்டேன். ஆறு வருஷமாக முகம் பார்க்காத பெண்டாட்டிக்காக ஒரு மனிதர் ஏர்போர்ட் வாசலில் கொசுக்கடியில் கிடக்கிறார். நானோ அவரிடம் பொய் சொல்லிவிட்டு அங்கமாலியில் பழம்பொரி தின்கிறேன். பாதியைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டேன். பஸ் வந்துவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு. விராலிமலை, மண்டபத்து ரூம்

எல்லாம் முடிந்தது. தூக்கம் கண்ணைச் சொருகுகிறது. ஆனால் இதை எழுதாமல் படுக்கக் கூடாது.

கரூர் தாண்டி டயர் வெடித்தது. திருச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி எட்டாகப் போகிறது. கார் பிடிக்க வெளியே ஓடிவந்தேன். எதிரே சென்னை பஸ் ஒன்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் காகிதம் சுற்றிய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் இறங்கினார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். தலைக்குச் சாயம் அடித்துக் காதோரம் கருப்பாக வழிந்திருந்தது. பாவம், யாரோ என்று நினைத்தேன். அப்புறம் அந்த ஆள் கொஞ்சம் சாய்ந்து நடந்தார். அந்த நடை எனக்குத் தெரியும்.

"ஏங்க!"

திரும்பினார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற கோயமுத்தூர் பஸ்ஸின் போர்டைப் பார்த்தார். நான் சென்னை போர்டைப் பார்த்தேன்.

"நீ பிளைட்டுல வரேன்னியே?"

"நீங்க ஏர்போர்ட்ல ஒக்காந்திருக்கேன்னீங்களே?"

"ஒக்காந்துதான் இருந்தேன். எந்த ஏர்போர்ட்டுன்னு நீ கேக்கலையே."

"சிங்கப்பூர்லயா?"

"அப்புறம் மெட்ராஸ்ல." பெட்டியைக் கீழே வைத்தார். "வெள்ளி ராத்திரின்னு போட்டிருந்துச்சு புள்ள. நான் வெள்ளி ராத்திரிதான் போனேன்."

"நானும் வெள்ளி ராத்திரிதாங்க போனேன்."

ஒரு நிமிஷம் அவருக்கு ஒன்றும் ஏறவில்லை. ஏறியதும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, நிறுத்த முடியவில்லை. யாரோ செத்துப்போய் அழுகிறோம் என்று நினைத்து ஒரு டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றேன்.

"நீ கேலி பண்ணுவ. சாகுற வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிக் காட்டுவ."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. நீ ஏன் சொல்லவில்லை என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நல்லவேளை.

காரில் ஏறிய உடனே இரண்டு பேரும் தூங்கிவிட்டோம். ஆறு வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது. டிரைவர் தட்டி எழுப்பியபோது என் தலை அவர் தோளில் இருந்தது, அவர் தலை கார்க் கண்ணாடியில் இருந்தது.

மண்டபத்தில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா வாசலில் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "பெத்தவங்களுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். ஒரு பதில் என் நாக்கு நுனிக்கு வந்தது. முழுங்கிவிட்டேன். பாதாம் பையை அவள் கையில் கொடுத்தேன். அவர் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினார், சாயம் இன்னும் வழிந்தது. எனக்குச் சேலை மாற்ற நேரமில்லை, வெள்ளி ராத்திரி கட்டிய அதே பச்சைச் சேலைதான்.

மேடையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் தயாராக நின்றார்கள். இளவரசி மணையில் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஐயர் நேரமாகிறது, நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

பெரியம்மா கையில் இருந்த செம்பை என்னிடம் நீட்டினாள். இளவரசியை நாலாம் வகுப்பிலிருந்து குளிப்பாட்டிச் சோறு போட்டு வளர்த்தவள். "இந்தா பாக்கியம், நீயே புடி. எனக்குக் கனக்குது" என்றாள். அந்தச் செம்பில் கால்படித் தண்ணீர்கூட இருக்காது.

இளவரசியின் கையைத் தூக்கி மாப்பிள்ளை கையில் அவர் வைத்தார். நான் தண்ணீர் ஊற்ற வேண்டும். என் கை ஆடியது. பாத்திரம் கழுவுகிற கை, பதினாலு பேர் தட்டைத் தூக்குகிற கை. ஒரு சின்னச் செம்பு நிற்கவில்லை. அவர் கையைக் கொண்டுவந்து என் கைக்குக் கீழே கொடுத்தார். "பிளைட்டுக் களைப்பு" என்று ஐயரிடம் சொன்னார். ஐயர், "ஆமாமா, ரொம்ப தூரமாச்சே" என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஊற்றினோம்.

சாப்பாடு முடிந்து இளவரசி ரூமுக்கு வந்தாள். மாப்பிள்ளையும் பின்னாலேயே வந்தார். பெட்டிகளை நகர்த்தி உட்கார இடம் பண்ணினார்கள். இளவரசி என் பெட்டியில் தொங்கிய, இறங்குகிற ஊர் போட்ட விமானச் சீட்டைப் புரட்டிப் பார்த்தாள். அப்புறம் தன் அப்பா பெட்டியில் தொங்கியதைப் பார்த்தாள். அவள் பி.காம் படித்தவள், எங்களைப் போல் இல்லை.

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் எந்த ஏர்போர்ட்ல எறங்குனீங்க?"

"திருச்சி" என்றேன் நான்.

"திருச்சி" என்றார் அவர்.

ஒரே நேரத்தில் சொன்னோம், ஒரே மாதிரி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

இளவரசி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். மாப்பிள்ளை காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

சிரிக்கட்டும்.